எபிடாரஸ் கிரேக்க அரங்கம்: போகுமுன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

கிரேக்கம் போய்வந்தேன் என்று சொன்னால் முதலில் எல்லோரும் சான்டோரினி தீவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் அந்தத் தீவுப் பக்கமே போகவில்லை. எபிடாரஸுக்குத்தான் இரண்டு முறை போனேன். ஒரு மே மாதக் காலையில் தனியாக, அப்புறம் ஒரு ஜூலை இரவில் அம்மாவுடன். அதற்குப் பிறகு அங்கே கிளம்புகிற நண்பர்களும் சொந்தக்காரர்களும் கேட்ட கேள்விகள் சேர்ந்துகொண்டே போயின. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்படி என்ன இருக்கிறது எபிடாரஸில்?

கிரேக்க நாட்டின் தெற்கே பெலப்பொனீஸ் என்றொரு தீபகற்பம். அதில் ஆர்கோலிஸ் பகுதியில், பைன் மரங்கள் சூழ்ந்த ஒரு மலைச்சரிவில் விசிறியை விரித்து வைத்ததுபோல் சுண்ணாம்புக்கல் படிகள் இருக்கின்றன. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிய திறந்தவெளி நாடக அரங்கம் இது. கீழடுக்கில் 34 வரிசை, மேலடுக்கில் 21 வரிசை, ஆக 55. சுமார் 13,000 பேர் உட்காரலாம். 1988இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கம் முழுக்கச் சுற்றி எழுதிவைத்த பவுசனியாஸ் இதைக் கட்டியவர் பாலிகிளைட்டஸ் என்கிறார். ரோமானியர்களின் அரங்கங்கள் இதைவிட ஆடம்பரமானவை, மெகலோபொலிஸில் இருப்பது இதைவிடப் பெரியது, ஆனால் அளவுப் பொருத்தத்திலும் அழகிலும் பாலிகிளைட்டஸுக்கு ஈடு கொடுக்க யாரால் முடியும் என்று கேட்கிறார். அவர் பார்த்தபோதே அரங்கத்துக்கு நானூறு வயதுக்கு மேல்.

ஏதென்ஸிலேயே பழைய அரங்கம் இருக்கிறதே, இவ்வளவு தூரம் ஏன் போகவேண்டும்?

இருக்கிறது. அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் உள்ள டயோனிசஸ் அரங்கத்தைக் கட்டாயம் பாருங்கள். நமக்குக் கிடைத்திருக்கும் கிரேக்க நாடகங்களில் பெரும்பாலானவை முதன்முதலில் மேடையேறியது அங்கேதான். வரலாறு என்று பார்த்தால் எபிடாரஸைவிட அதற்குத்தான் கனம் அதிகம். ஆனால் அங்கே மிஞ்சியிருப்பது கீழ்வரிசைகள் கொஞ்சமும் பெருமக்களுக்கான பளிங்கு இருக்கைகளும்தான். மீதியை நாம்தான் மனத்தில் கட்டி எழுப்ப வேண்டும்.

அதே குன்றடியில் இருக்கும் ஹெரோதிஸ் அட்டிகஸ் அரங்கம் கி.பி. 161 வாக்கில் எழுந்த ரோமானியர் காலத்துக் கட்டடம். நிகழ்ச்சி இல்லாத நாளில் மேலிருந்து எட்டிப் பார்க்கலாம், உள்ளே விடமாட்டார்கள்.

எபிடாரஸில் எதையும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. ஏறி உட்கார்ந்தால் போதும்.

எப்படிப் போவது?

முதலில் ஒரு எச்சரிக்கை. வரைபடத்தில் எபிடாவ்ரோஸ் (எபிடாரஸின் இன்றைய கிரேக்க உச்சரிப்பு) என்ற பெயரில் ஒன்றுக்கு மூன்று இடங்கள் காட்டும். கடற்கரையில் பழைய எபிடாவ்ரோஸ், அதற்கு வடக்கே புதிய எபிடாவ்ரோஸ், இரண்டையும் விட்டு உள்ளே தள்ளி லிகுரியோ என்ற ஊருக்குப் பக்கத்தில் நாம் தேடுகிற அரங்கம். முதல் தடவை நான் பெயரை மட்டும் பார்த்துவிட்டுக் கடற்கரை ஊரில் இறங்கினேன். ஆரஞ்சுத் தோப்பு, மீன்பிடிப் படகுகள், ஒரு பூனை. அரங்கத்தைக் காணோம்! வேடிக்கை என்னவென்றால் அங்கேயும் ஒரு பழைய அரங்கம் உண்டு. சிறியது, கடலைப் பார்த்தபடி இருக்கிறது. ‘இதற்குத்தானா இவ்வளவு பேச்சு’ என்று ஐந்து நிமிடம் ஏமாந்து நின்றேன். அங்கிருந்து டாக்சி பிடித்துத்தான் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

நீங்கள் போடவேண்டிய பெயர் ‘அஸ்கிளீப்பியஸ் திருத்தலம்’ (அரங்கம் இருக்கும் பழைய வைத்தியத் தலம்) அல்லது ‘எபிடாரஸ் பழைய அரங்கம், லிகுரியோ’.

ஏதென்ஸிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் ஆகும். கொரிந்து வரை சுங்கச் சாலை, அப்புறம் மலையும் கடலுமாக வளைந்து போகும் சாலை. வண்டியை நீங்களே ஓட்டுவதாக இருந்தால் இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அங்கே வண்டி வலப்பக்கம் ஓடும், அதையும் மறந்துவிடாதீர்கள். பேருந்தில் போகிறவர்கள் ஏதென்ஸின் கிஃபிசோஸ் நிலையத்தில் ஏறி நாஃப்லியோ நகரில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பேருந்து பிடிப்பது வழக்கம். இரண்டாவது பேருந்து ஒரு நாளில் சில தடவைதான் ஓடும். போகிற பேருந்தை விசாரிக்கும்போதே திரும்புகிற பேருந்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை, நாஃப்லியோவில் ஒரு இரவு தங்குங்கள். அரங்கம் அங்கிருந்து 30 கி.மீ.க்குள்தான்.

விசா?

ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் போவதாக இருந்தால் விண்ணப்ப நேரம் கிடைப்பதே பாடு, அதனால் கடைசி மாதம் வரை விட்டுவைக்காதீர்கள்.

எந்த மாதம் நல்லது? எந்த நேரத்தில் போகலாம்?

ஏப்ரல், மே, அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். சென்னை வெயிலில் வளர்ந்தவனுக்கு இது என்ன என்று நானும் நினைத்தேன். வெளிர்க்கல் படிகள் சூட்டை வாங்கித் திருப்பி முகத்தில் அடிக்கும்போது அந்த நினைப்பு போய்விடும். படிகளில் ஒரு பொட்டு நிழல் கிடையாது. தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் மேலே ஏறாதீர்கள்.

நேரம் என்றால் காலையில் திறந்ததும். பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வந்துவிடும். வளாகத்துக்கும் அரங்கத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் சேர்த்து ஒரே நுழைவுச்சீட்டுதான். ஏப்ரல் 18, மே 18, அக்டோபர் 28 போன்ற சில நாட்களில் அரசுத் தொல்லியல் இடங்களுக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லாத நாளில் அமைதியும் இருக்காது, யோசித்துக்கொள்ளுங்கள்.

கீழே நாணயம் போட்டால் கடைசி வரிசைக்குக் கேட்குமாமே, நிஜமா?

இதைக் கேட்காதவர் கிடையாது. கேட்கும். ஆனால் சொல்வதுபோல் இல்லை.

ஆடுகளத்தின் நடுவில் ஒரு வட்டக் கல் பதித்திருக்கும். வழிகாட்டிகள் தங்கள் கூட்டத்தை மேலே ஏற்றிவிட்டு, அந்தக் கல்லில் நின்று நாணயத்தைப் போடுவார்கள், காகிதத்தைக் கிழிப்பார்கள், தீக்குச்சியை உரசுவார்கள். நான் முதல்முறை போனபோது மேலடுக்கில் உட்கார்ந்திருந்தேன். கீழே ஒரு அம்மையார் காகிதத்தைக் கிழித்தார். ஏதோ கிறீச்சென்று காதில் விழுந்தது. அது காகிதம் என்று எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்ததுதான். கண்ணை மூடியிருந்தால் யாரோ செருப்பைத் தேய்க்கிறார்கள் என்று நினைத்திருப்பேன்.

நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒலியளவிக் கருவிகளோடு வந்து இதை அளந்து, முடிவுகளை 2017இல் வெளியிட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்ததும் இதேதான். நாணயம் விழுவதும் காகிதம் கிழிவதும் அரங்கம் முழுக்க ஏதோ ஒரு சத்தமாகக் கேட்கும். இன்ன சத்தம் என்று பிரித்தறிய முடிவது பாதி தூரம் வரைதான். தீக்குச்சி அந்த அளவுக்குக்கூட இல்லை. கிசுகிசுத்தால் முன்வரிசைகளில் இருப்பவர்களுக்கு மட்டும் சொற்கள் புரியும். ஆனால் தேர்ந்த நடிகர் குரலை எடுத்துப் பேசினால் கடைசி வரிசைக்கும் சொல் சொல்லாகப் போய்ச் சேரும்.

இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. எனக்கு இதில்தான் ஆச்சரியம். கடைசி வரிசை மேடையிலிருந்து ஏறக்குறைய 60 மீட்டர். அவ்வளவு தூரத்துக்கு மைக் இல்லாமல் ஒரு மனிதக் குரலின் சொற்கள் தெளிவாகப் போவது போதாதா, தீக்குச்சி வேறு கேட்கவேண்டுமா?

நீங்களே சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டால் காசைப் போடாதீர்கள். கூட வந்தவரை அந்தக் கல்லில் நிற்கவைத்து, வீட்டில் பேசுகிற மாதிரி இரண்டு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். நீங்கள் நடு வரிசையில் உட்காருங்கள். என் தம்பி முறையான ஒருவன் இப்படித்தான் மனைவியை நிற்கவைத்திருக்கிறான். அவள் பேசியது, “கார் சாவி உங்ககிட்டதானே இருக்கு?” முப்பதாவது வரிசையில் தெளிவாகக் கேட்டதாம். சாவி காரிலேயே இருந்தது வேறு விஷயம்.

அப்படி ஒலி போவதற்கு என்ன காரணம்?

பழைய விளக்கங்கள் நிறைய உண்டு. காற்று மேடையிலிருந்து பார்வையாளர் பக்கம் வீசுகிறது என்பார்கள், முகமூடி ஒலிபெருக்கிபோல் வேலை செய்தது என்பார்கள். 2007இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் நிகோ டெக்ளர்க், சிண்டி டெகைசர் இருவரும் வேறொரு விளக்கம் தந்தார்கள். கல் இருக்கைகள் படிப்படியாக அடுக்கியிருக்கும் விதமே ஒரு சல்லடை என்பது அவர்கள் கணக்கு. சுமார் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலிகள் அந்த மடிப்புகளில் அமுங்கிப்போகின்றன. காற்றின் இரைச்சல், மர இலைகள் அசைவது, கூட்டத்தின் முணுமுணுப்பு எல்லாம் பெரும்பாலும் இந்தத் தாழ்ந்த பகுதியில்தான் இருக்கின்றன. சொற்களைப் பிரித்துக் காட்டும் உயர்ந்த அதிர்வெண்கள் படிகளில் பட்டுக் கேட்பவர் காதுக்குத் திரும்புகின்றன.

அப்படியானால் ஆண்குரலின் கீழ்ப்பகுதியும் அமுங்கிவிடுமே என்று கேட்கலாம். அமுங்கும்தான். ஆனால் மேல்சுரங்கள் கிடைத்தால் அடிச்சுரத்தை மூளையே இட்டு நிரப்பிக்கொள்ளும். தொலைபேசியில் அப்பாவின் கட்டைக்குரலை நாம் கட்டைக்குரலாகவே கேட்பது இப்படித்தான்.

கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரிந்திருக்குமா? அதிர்வெண் என்ற கருத்தே அன்று கிடையாது. தலைமுறை தலைமுறையாக அரங்கம் கட்டிப் பார்த்து, எது காதுக்கு நன்றாக இருந்ததோ அதையே திரும்பச் செய்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

55 வரிசை, தங்க விகிதம் என்று வாட்சாப்பில் வந்ததே?

21, 34, 55 மூன்றும் ஃபிபனாச்சி எண்கள், அதாவது முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை. அடுத்தடுத்த எண்களின் விகிதம் தங்க விகிதத்தை நெருங்கும். பார்த்ததும் புல்லரிக்கத்தான் செய்யும். ஆனால் மேலடுக்கின் 21 வரிசைகளும் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் சேர்ந்தவை என்பது பல அறிஞர்களின் கருத்து. அப்படியானால் முதலில் கட்டியவர் கணக்கில் 55 வந்திருக்கவே முடியாது. படம் அழகாக இருக்கிறது, பகிர்ந்துவிட்டுப் போங்கள். ஆதாரமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எண்களைவிட நான் ரசித்த நுட்பம் வேறு. பார்வையாளர் பகுதி முழுதும் ஒரே மையத்திலிருந்து வரைந்த வட்டவில் இல்லை. இரண்டு ஓரங்களிலும் உள்ள பிரிவுகளுக்கு மையத்தைத் தள்ளிவைத்து, வளைவைக் கொஞ்சம் விரித்துவிட்டிருக்கிறார்கள். ஓரத்தில் உட்கார்ந்தவருக்கும் பார்வை மறைக்காமல் இருக்கத்தான் இது. கீழிருந்து பார்த்தால் கண்ணுக்குப் பிடிபடாது.

எங்கே உட்காருவது? படி ஏற முடியாதவர்கள் என்ன செய்வது?

முடிந்தால் கடைசி வரிசை வரை ஒருமுறை ஏறிவிடுங்கள். கீழடுக்கில் 13 படிக்கட்டுகள், மேலடுக்கில் 23. நடுவில் ஒரு நடைபாதை வரும், அங்கே மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அதற்குமேல் சரிவு கொஞ்சம் செங்குத்து. பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. பல நூற்றாண்டு மழையும் லட்சக்கணக்கான கால்களும் பட்டுக் கல் வழுவழுவென்று ஆகியிருக்கிறது. இறங்கும்போது நிதானம் வேண்டும்.

உட்கார்ந்ததும் இருக்கையின் முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். நேராக இறங்காமல் உட்பக்கம் குழிந்திருக்கும். யாராவது உங்களைத் தாண்டிப் போனால் காலை உள்ளே இழுத்துக்கொள்ள வசதியாக அப்படிச் செதுக்கியிருக்கிறார்கள். உட்காரும் பகுதிக்குப் பின்னால் கொஞ்சம் தாழ்ந்த ஒரு பட்டை, அது பின்வரிசைக்காரர் கால் வைப்பதற்கு. முன்னால் இருப்பவர் முதுகில் மிதிபடாமல் இருக்க இந்த ஏற்பாடு. நம் சினிமா தியேட்டர்கள் எத்தனையிலோ இன்றும் இல்லாத வசதி.

அம்மாவுக்கு முழங்கால் வலி. நுழைவாயிலிலிருந்து லேசான ஏற்றத்தில் சிறிது தூரம் நடந்ததும் அரங்கம் வந்துவிடுகிறது, அதை மெதுவாகச் சமாளித்துவிட்டார். படி ஏறவில்லை. ஆடுகளத்தின் ஓரத்தில் நின்று மேலே பார்த்தவர், “இது என்னடா, நாம பார்க்கிற மாதிரி இல்ல, நம்மள பார்க்கிற மாதிரில்ல இருக்கு” என்றார். ஏற முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். நடிகன் கண்ணுக்கு அரங்கம் எப்படித் தெரிந்திருக்கும் என்பது கீழே நின்றால்தான் புரியும்.

சோஃபக்ளீஸ், யூரிபிடீஸ் எல்லாம் இங்கே நாடகம் போட்டார்களா?

இல்லை. பண்டைய ஏதென்ஸின் மூன்று பெரிய துன்பியல் நாடகாசிரியர்களில் ஈஸ்கிலஸ் கி.மு. 456இல் இறந்தார், சோஃபக்ளீஸும் யூரிபிடீஸும் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் போய்விட்டார்கள். இந்தக் கற்படிகள் எழுந்தது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து. அவர்கள் காலத்து ஏதென்ஸ் மக்கள் பெரும்பாலும் மரப்பலகைகளில் உட்கார்ந்துதான் நாடகம் பார்த்தார்கள்.

ஆனால் நாடகங்களில் வரும் ஊர்கள் இங்கே பக்கம். ட்ராய் போரிலிருந்து திரும்பிய அகமெம்னானை மனைவியே கொன்றதாகச் சொல்லும் கதையும், மகள் எலெக்ட்ரா தம்பியோடு சேர்ந்து பழிதீர்க்கும் கதையும் நடப்பது ஆர்கோஸ், மைசீனி பகுதியில். அரங்கத்திலிருந்து காரில் ஒரு மணி நேரம்தான். காலையில் மைசீனியின் சிங்க வாயிலுக்குள் நடந்துவிட்டு இரவில் எலெக்ட்ரா நாடகம் பார்ப்பது எந்தப் பயணத் திட்டத்திலும் எளிதாக வாய்க்காது. வாய்த்தால் விடாதீர்கள்.

ஆர்க்கெஸ்ட்ரா, ஸ்கேனே என்று பலகையில் எழுதியிருக்கிறதே, என்ன அது?

படிகளுக்கு நடுவே இருக்கும் சுமார் 20 மீட்டர் அகல வட்டக் களம்தான் ஆர்க்கெஸ்ட்ரா. தரை கெட்டிப்படுத்திய மண், சுற்றிலும் கல் விளிம்பு. கிரேக்கத்தில் ‘ஆடுவது’ என்ற வினையிலிருந்து வந்த சொல். வாத்தியக் குழுவுக்கு அந்தப் பெயர் போனதெல்லாம் மிகப் பிற்காலத்தில். பாடியும் ஆடியும் கதையை நகர்த்தும் குழுவினர் இங்கே நிற்பார்கள். சோஃபக்ளீஸ் காலத்துத் துன்பியல் நாடகத்தில் 15 பேர், இன்பியலில் 24 பேர். பேசும் நடிகர்கள் மொத்தமே மூன்று பேர். முகமூடியை மாற்றி மாற்றி எல்லா வேடமும் கட்டுவார்கள். எல்லோரும் ஆண்கள்.

ஸ்கேனே என்றால் கூடாரம். வேடம் மாற்றும் கூடாரமாகத் தொடங்கிக் கல் கட்டடமாக வளர்ந்தது. எபிடாரஸில் அதன் அடித்தளம்தான் மிச்சம். அது இல்லாததால்தான் மேலே உட்கார்ந்தால் எதிரே காடும் மலையும் தடையில்லாமல் தெரிகின்றன. அன்றைய பார்வையாளருக்கு அந்தக் கட்டடம் பின்னணியில் நின்றிருக்கும், இன்று நாம் எடுக்கும் போட்டோ அவர்கள் பார்த்த காட்சி இல்லை. இரண்டு பக்கமும் நுழைவழிகள். அங்கே தூக்கி நிறுத்தியிருக்கும் கல் வாயில்கள் சீரமைப்பில் எழுந்தவை.

காட்டுக்கு நடுவில் எதற்கு இவ்வளவு பெரிய அரங்கம்?

நியாயமான கேள்வி, கேட்பவர்கள்தான் குறைவு. இங்கே ஊர் எதுவும் கிடையாது. இருந்தது ஒரு வைத்தியத் தலம். மருத்துவக் கடவுள் அஸ்கிளீப்பியஸின் மிகப் புகழ்பெற்ற கோவில் இங்கேதான் இருந்தது. கிரேக்க உலகம் முழுவதிலிருந்தும் நோயாளிகள் வந்தார்கள். அரங்கம் அந்தத் தலத்தின் ஒரு பகுதி. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கடவுளுக்கு விழா, அதில் விளையாட்டுப் போட்டிகளும் இசை, கவிதைப் போட்டிகளும் உண்டு. பிளேட்டோவின் உரையாடல்களில் ஒன்றில், அயோன் என்ற காவியம் பாடுபவன் எபிடாரஸ் போட்டியில் பரிசு வாங்கிவிட்டு வந்த கையோடு சாக்ரட்டீஸிடம் மாட்டிக்கொள்கிறான்.

நோயாளிகள் குளித்து, காணிக்கை செலுத்தி, ‘அபட்டோன்’ என்ற நீண்ட மண்டபத்தில் இரவு படுப்பார்கள். கனவில் கடவுள் வந்து குணப்படுத்துவார் அல்லது வழி சொல்லுவார் என்பது நம்பிக்கை. பாம்பும் நாயும் அங்கே புனிதமானவை. குணமானவர்களின் கதைகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். பவுசனியாஸ் காலத்தில் அப்படி ஆறு கற்கள் மிச்சமிருந்தன. கிடைத்தவற்றை வளாகத்திலுள்ள சிறிய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

அதில் எனக்குப் பிடித்தது ஏதென்ஸைச் சேர்ந்த அம்புரோசியா கதை. ஒரு கண் தெரியாது அவளுக்கு. வளாகத்தைச் சுற்றி வந்தபோது, நொண்டிகளும் குருடர்களும் வெறும் கனவில் குணமானார்களாம் என்று சிரித்தாள். அன்றிரவு கனவில் கடவுள் வந்தார். குணப்படுத்துகிறேன், ஆனால் உன் அறியாமைக்கு அடையாளமாக ஒரு வெள்ளிப் பன்றியைக் கோவிலில் வைக்கவேண்டும் என்றார். கண்ணைக் கீறி மருந்து ஊற்றினார். விடிந்ததும் பார்வை வந்துவிட்டது. கடவுளுக்கும் நக்கல் உண்டு போலிருக்கிறது.

பெரும்பாலான சுற்றுலாப் பேருந்துகள் அரங்கத்தில் முக்கால் மணி நேரம் நிறுத்திவிட்டுக் கிளம்பிவிடுகின்றன. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அபட்டோன், அடியில் வட்ட வட்டமாகச் சுற்றுச்சுவர்கள் கொண்ட தோலோஸ் என்ற வட்டக் கட்டடம், ஓட்டப்பந்தயக் களம், 160 அறைகள் கொண்ட விடுதியின் அடித்தளம் எல்லாம் பைன் மரங்களுக்கிடையில் கிடக்கின்றன. கூட்டமே இருக்காது. மொத்தம் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். நோய் தீர வந்தவர்களுக்கு நாடகமும் பாட்டும் எதற்கு என்ற கேள்வியோடு அங்கே நடந்தால் அரங்கமே வேறு மாதிரித் தெரியத் தொடங்கும்.

இவ்வளவு நன்றாக எப்படித் தப்பியது?

மண்ணுக்குள் கிடந்ததால். திருத்தலம் கி.மு. 1ஆம் நூற்றாண்டில் ரோமத் தளபதி சுல்லாவின் கொள்ளையைக் கண்டது. பிறகு கோத்துகள் என்ற ஜெர்மானியப் படையெடுப்பாளர்கள் வந்தார்கள். கிறிஸ்தவம் அரச மதமான பிறகு பழைய வழிபாடு நின்றது. 6ஆம் நூற்றாண்டு நிலநடுக்கங்கள் மீதியைச் சாய்த்தன. மலையிலிருந்து இறங்கிய மண் படிகளை மூடியது, மேலே மரம் வளர்ந்தது. 1881இல் தொல்லியலாளர் பனாகிஸ் கவாதியாஸ் தோண்டத் தொடங்கியபோது உள்ளே படிகள் பெரும்பாலும் அதனதன் இடத்தில் இருந்தன. இன்னொரு நல்ல காலம், மற்ற ஊர்களில் செய்ததுபோல ரோமானியர்கள் இதை இடித்துத் தங்கள் பாணிக்கு மாற்றவில்லை. ஆடுகளம் முழு வட்டமாகவே நிற்கிறது. ஓரப் பகுதிகளும் தாங்குசுவர்களும் 20ஆம் நூற்றாண்டில் சீரமைத்தவை. எல்லாக் கல்லும் பழைய கல் என்று நினைத்துவிடாதீர்கள்.

இரவில் நாடகம் பார்க்க முடியுமா? கிரேக்க மொழி தெரியாதே?

முடியும். ஏதென்ஸ் எபிடாரஸ் விழாவின் பகுதியாக ஜூலை, ஆகஸ்டில், பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளில் நாடகம் உண்டு. 1938இல் திமித்ரிஸ் ரொந்தீரிஸ் இயக்கத்தில் சோஃபக்ளீஸின் எலெக்ட்ரா இங்கே நடந்தது; நவீன காலத்தில் இந்தப் படிகள் நாடகம் கண்டது அதிலிருந்துதான். 1950களின் நடுவில் ஆண்டு விழாவாக நிலைபெற்றது. 1960இல் புகழ்பெற்ற ஆப்பெரா பாடகி மரியா காலஸ் இங்கே நோர்மா என்ற இசைநாடகத்தைப் பாடினார், அடுத்த ஆண்டு மெடியா.

பெரும்பாலான நாடகங்கள் இன்றைய கிரேக்க மொழியில்தான் நடக்கும். பக்கத்தில் திரையில் ஆங்கில வரிகள் ஓடும். கதையை முன்பே படித்துவிட்டுப் போய்விட்டால் திரையைப் பார்க்கவே தோன்றாது. நாங்கள் பார்த்த இரவில் முதல் பத்து நிமிடம் நான் வரிகளைப் படித்து அம்மாவுக்குக் கிசுகிசுத்தேன். “சும்மா இரு, புரியுது” என்று கையைத் தட்டிவிட்டார். பின்வரிசையில் ஒரு கிரேக்கப் பாட்டி வசனத்தை நடிகரோடு சேர்ந்து உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். விளக்கெல்லாம் மேடைப் பக்கம்தான், சுற்றிலும் இருட்டு. பேச்சு நிற்கும்போது சில்வண்டுச் சத்தம் மட்டும்.

நடைமுறை விஷயங்கள்: சீட்டை இணையத்தில் வாங்குங்கள், மேலடுக்குதான் மலிவு, ஒலிக்காகப் போகிறவருக்கு அதில் நஷ்டம் இல்லை. நாடகம் இரவு 9 மணிக்கு. தாமதமாக வந்தால் உள்ளே விடுவது சந்தேகம். லிகுரியோவிலிருந்து வரும் சாலை அன்று கார்களால் அடைத்துக்கொள்ளும், ஒன்றரை மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். கல் இருக்கையில் இரண்டு மணி நேரம் உட்காரவேண்டும். திண்டு ஒன்று கையோடு இருக்கட்டும். பகல் எவ்வளவு கொதித்தாலும் நள்ளிரவில் மலைக்காற்று குளிரும், அம்மாவின் சால்வையை நான்தான் பாதி போர்த்திக்கொண்டேன். முடிந்ததும் இருட்டில் இறங்க வேண்டும், கைபேசியில் விளக்குக்குச் சார்ஜ் மிச்சம் வையுங்கள்.

ஒரு குறை. இப்போது சில தயாரிப்புகளில் நடிகர்களுக்கு மைக் மாட்டிவிடுகிறார்கள். ரசனை அவரவருக்கு. இந்த அரங்கத்தில் மைக் கட்டுவதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

என்ன செருப்பு, என்ன உடை?

உடையில் கட்டுப்பாடு இல்லை. புடவையில் வந்தவர்களையும் பார்த்தேன். செருப்பில்தான் கவனம். குதிகால் உயர்ந்த காலணிகளுக்குத் தடை, கல்லைக் குத்திக் கெடுக்கும் என்பதால். வழுக்காத தட்டையான ஷூ நல்லது.

நடுவில் நின்று பாடலாமா? போட்டோ எடுக்கலாமா?

கையிலிருக்கும் கேமராவுக்கும் கைபேசிக்கும் தடையில்லை. முக்காலி வைத்தால் கேள்வி வரும், டிரோனுக்கு முன்அனுமதி வேண்டும். பாட்டு என்றால், சத்தமில்லாத வேளையில் நாலு வரி மெல்லப் பாடினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கச்சேரி தொடங்கினால் காவலர் வருவார். நான் போன அன்று ஒரு பெரியவர் கூச்சத்தோடு ஏதோ தாலாட்டுப் பாடினார், எந்த மொழி என்றுகூடத் தெரியவில்லை. படிகளில் சிதறி உட்கார்ந்திருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

சைவம் கிடைக்குமா?

தாராளமாக. ‘நிஸ்டீசிமோ’ என்ற ஒரு சொல்லை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நோன்பு உணவு என்று பொருள். இறைச்சி, முட்டை, பால் எதுவும் இருக்காது. ஆனால் சிப்பி, இறால் போன்றவை நோன்பில் அனுமதி, அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். தக்காளி, குடைமிளகாய்க்குள் அரிசி அடைத்து வேகவைக்கும் ‘கெமிஸ்தா’ நம் நாக்குக்கு ஒத்துவரும். சில கடைகளில் கொத்துக்கறி சேர்ப்பார்கள், விசாரியுங்கள். பருப்பு மசியல் போன்ற ‘ஃபாவா’, பெரிய வெள்ளை மொச்சைபோல் இருக்கும் ‘கிகாந்தெஸ்’, கீரைப் பொதி ‘ஸ்பனகோபிட்டா’ எல்லாம் உண்டு. காரம்தான் இருக்காது, ஊறுகாய்ப் பொட்டலம் கைவசம் இருக்கட்டும். லிகுரியோ ஊர்ச் சாப்பாட்டுக் கடைகள் நாடக இரவுகளில் நள்ளிரவைத் தாண்டியும் திறந்திருக்கும்.

ஒரே நாளில் வேறு எதைச் சேர்க்கலாம்?

ஏதென்ஸிலிருந்து வரும் வழியில் கொரிந்துக் கால்வாய்ப் பாலத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். 1893இல் திறந்தது, 6 கி.மீ.க்குச் சற்று அதிக நீளம், செங்குத்தாக வெட்டிய பாறைக்கு நடுவே நூல்போல் தண்ணீர். மைசீனியைச் சுற்றிப் பார்க்க இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். நாஃப்லியோ சுதந்திர கிரேக்கத்தின் தொடக்ககாலத் தலைநகர், மாலை நேரத்துக்கு ஏற்ற ஊர். மூன்றையும் எபிடாரஸோடு ஒரே பகலில் திணிக்கும் சுற்றுலாக்களும் உண்டு. எதையும் பார்த்த மாதிரி இருக்காது.

கிரேக்கம் போகவில்லை, இத்தாலியோ துருக்கியோதான் போகிறேன். அங்கே?

சிசிலியின் சிரக்கூஸில் பாறையில் வெட்டிய பெரிய கிரேக்க அரங்கம் இருக்கிறது. 1914இல் தொடங்கிய வழக்கமாக, கோடைத் தொடக்கத்தில் பழைய நாடகங்கள் அங்கே நடக்கின்றன. தாவோர்மினாவில் எட்னா எரிமலை பின்னணி. அடித்தளம் கிரேக்கம், பார்ப்பது பெரும்பாலும் ரோமானியர் செங்கல். துருக்கியில் பெர்கமோன் அரங்கம் மலையில் தலைசுற்றும் செங்குத்தில் தொங்குகிறது. அஸ்பெந்தோஸ் மிக முழுமையானது, ஆனால் ரோமானியருடையது. வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி, ஆடுகளத்துக்குப் பின்னால் உயரமான சுவர் நின்று வெளியே எதுவும் தெரியாமல் அடைத்தால் அது பெரும்பாலும் ரோமானிய அரங்கம்.